பக்கம் தள்ளாமல் சமைத்தல்

அறுபது ஆண்டுகள் பிறர் சமைத்துப் போட்டதை உண்டு, உப்புக் குறைந்தால் முகம் சுளித்து, காரம் மிகுந்தால் தண்ணீர்ச் செம்பை ஓசைப்பட வைத்துப் பழகிய ஒருவன், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, கையில் பொழுதும் மனத்தில் சிறிது குற்ற உணர்ச்சியும் மிஞ்சிய நிலையில், வீட்டிலிருக்கும் சமையற் புத்தகமொன்றை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு பதார்த்தமும் விடாமல் சமைத்து முடிப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள்; பிறகு அந்த வீட்டு அம்மாளுக்காக இரக்கப்படுவார்கள். கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறத்துச் சந்தொன்றில் குடியிருக்கும் எனக்கு இவ்விரண்டும் குறைவின்றிக் கிடைத்தன. (2001ஆம் ஆண்டிலேயே நகரத்தின் பெயர் கொல்கத்தா என்று மாறிவிட்டது, என் நாக்கு இன்னும் மாறவில்லை, வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) ஆயினும், தொடங்கி மூன்றாவது ஆண்டு நடக்கும் இவ்வேளையில், இந்தக் காரியத்தை வாழ்நாள் முழுதும் உண்டு மட்டுமே வந்த ஒவ்வோர் ஆடவனும் ஒருமுறையேனும் செய்துதான் ஆக வேண்டும் என்ற அபிப்பிராயத்துக்கு நான் வந்திருக்கிறேன். அதுவும் பொறுக்கி எடுத்துச் சமைப்பதாக இருக்கக் கூடாது. பக்கம் தள்ளாமல் சமைப்பதாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைக்காகத்தான் இக்கட்டுரையே எழுதுகிறேன்.

புத்தகம் எதுவென்று தமிழ் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951இல் முதற் பாகம் வெளிவந்த 'சமைத்துப் பார்', கலியாணமாகிப் புக்ககம் செல்லும் பெண்ணின் பெட்டியில் பட்டுப் புடவைக்கும் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் இடையே இடம்பெற்று, தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும், பின்னர் கடல் கடந்தும் பயணம் செய்த புத்தகம். உற்றார் உறவினர் பலரும் பக்குவம் கேட்டுக் கேட்டு அவரிடம் வர, அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், இவற்றையெல்லாம் ஒரு நூலாகவே எழுதிவிடு என்று தூண்டியதாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பிரதி என் மாமியாருடையது. அவர் கையிலிருந்து என் மனைவியின் கைக்கு வந்து, ஹௌரா மெயிலில் இரண்டு இரவு பயணம் செய்து, நாற்பது ஆண்டுகளாக எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அட்டை கழன்று, முதுகில் வேட்டிக்கரைத் துணி ஒட்டி, ஓரங்களில் நல்லெண்ணெய் ஊறிப்போன அதனை நான் அந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு தடவையும் திறந்ததில்லை.

திறந்த முதல் நாளிலேயே அளவைகள் என்னைத் திகைக்க வைத்தன. ஆழாக்கும் பலமும் ரூபாய் எடையும் வழங்கிய காலத்துப் பிரதி அது. ஒரு ரூபாய் எடையென்றால் பழைய வெள்ளி ரூபாயின் எடை, அதாவது ஒரு தோலா, பதினொன்றரைக் கிராமுக்குச் சற்று அதிகம். மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். இதை மனப்பாடம் செய்துகொண்டு, கணக்கில் தேர்ந்தவன் என்ற இறுமாப்போடு மாடி வீட்டு மாஷிமாவிடம் (எண்பதைத் தாண்டிய அந்த மூதாட்டியை இந்தக் கட்டடத்தில் எல்லாரும் சித்தி என்ற பொருள்படும் அச்சொல்லால்தான் அழைக்கிறோம்) சொன்னபோது, அவர் என் சேரை ஏற்க மறுத்துவிட்டார். வங்காளத்தில் ஒரு சேர் எண்பது தோலா. பதினாறு சடாக் கொண்டது. ஏறக்குறைய ஒரு கிலோ. சென்னைச் சேரோ இருபத்துநான்கே தோலா. முந்நூறு கிராமும் தேறாது. ஒரே சொல், ஒரே அரசாங்கத்தின் கீழ், ஓர் ஊரில் மற்றோர் ஊரினும் மூன்று மடங்குக்கு மேல் கனத்திருக்கிறது! 1950களின் பிற்பகுதியில் மெட்ரிக் அளவைகள் வந்து இந்தக் குழப்பத்தைத் துடைத்தது எத்துணைப் பெரிய உபகாரம் என்பதைப் பொருளாதார நூல்களைப் படித்தபோது நான் உணர்ந்ததில்லை. பருப்பு அளந்தபோதுதான் உணர்ந்தேன். ஆழாக்கு மட்டும் எனக்குக் கடைசி வரை வசப்படவில்லை. கோபுரமாக அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்று மனைவியைக் கேட்டால், "பார்த்தா தெரியாதா?" என்பாள். அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கண் எனக்கு இல்லை என்பதே என் சங்கடம் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

எழுதப்படாத விஷயங்கள் எத்தனை என்பதை ரசத்தின் பகுதிக்கு வந்தபோது பெரும் செலவில் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் ரசம் வைப்பது ஈயச் சொம்பில். மாமியார் கும்பகோணத்தில் வாங்கிக் கொடுத்த சொம்பு. புளிக்கரைசலைப் பிறகு ஊற்றிக்கொள்ளலாம், முதலில் பாத்திரம் சூடேறட்டும் என்று எண்ணி, அதனை வெறுமையாக அடுப்பில் ஏற்றிவிட்டு, வாசலில் பால்காரர் அழைக்கவே கணக்குப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து பார்க்கையில் சொம்பு ஒருபுறமாகச் சாய்ந்து, நாணத்தால் தலைகுனிந்ததுபோல் குழைந்து, அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு குளமாக உருகிக்கொண்டிருந்தது. ஈயச் சொம்பு என்று வழங்கினாலும் உலோகம் வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை அந்தச் சூட்டை எட்டாது, நீரின்றேல் சில நிமிஷங்களில் எட்டும். இதையெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். என் மனைவி படித்ததில்லை. ஆனால் அவள் ஒருநாளும் அந்தச் சொம்பை வெறுமையாக அடுப்பில் வைத்ததில்லை.

"நாற்பது வருஷமா அதிலேதானே ரசம் சாப்பிட்டீங்க? அது ஈயம்னு கூடவா தெரியாது உங்களுக்கு?" என்றாள்.

தெரியாதுதான். உண்பவனுக்குப் பாத்திரம் தெரிவதில்லை. பதார்த்தம் மாத்திரமே தெரிகிறது.

பக்கம் தள்ளக் கூடாது என்ற விரதத்தின் பெருமையை எனக்கு உணர்த்தியது பாகற்காய்ப் பிட்லை. அந்தப் பிரதியின் ஓரங்களில் என் மாமியார் பென்சிலால் சிறு சிறு குறிப்புகள் எழுதியிருக்கிறார்: 'பத்துப் பேருக்குக் காணும்', 'காரம் பாதி போதும்', 'ஆடி வெள்ளிக்கு' என்பன போல. பிட்லையின் அருகே அதே நடுங்கும் எழுத்தில் இரண்டே சொற்கள் இருந்தன: 'மாப்பிள்ளைக்கு ஆகாது'. மாப்பிள்ளை நான்தான். மணமான புதிதில், தலைத் தீபாவளிக்கோ எதற்கோ மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, இலையில் விழுந்த பிட்லையை ஓரமாக ஒதுக்கியிருப்பேன் போலும். எனக்கு அது சற்றும் நினைவில்லை. அந்த ஒதுக்கலைப் பார்த்த ஓர் அம்மாள் அதைத் தம் புத்தகத்தில் குறித்துவைத்தார்; அந்தக் குறிப்போடு புத்தகம் மகளிடம் வந்தது; மகள் அந்தப் பக்கத்தைத் திருப்பவேயில்லை. நான்கு தசாப்தங்களாக எங்கள் வீட்டில் பிட்லை இல்லை. அது எனக்கு ஒரு குறையாகவும் தோன்றவில்லை, இருந்தால்தானே இல்லாமை தெரியும்.

முறைப்படி, தனியாவும் கடலைப்பருப்பும் மிளகாயும் வறுத்து, தேங்காயைச் சிவக்க வதக்கிச் சேர்த்தரைத்து, வேகவைத்த துவரம்பருப்பும் புளியும் கூட்டி அன்று நான் அதைச் சமைத்தேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் மூன்று முறை சாதத்தில் பிசைந்து சாப்பிட்டாள். பிட்லை அவளுக்குச் சிறுவயது முதலே உயிர் என்பது அவள் கைகழுவி வந்து, "அம்மா கைமணம் இல்லை, ஆனாலும் பிட்லைதான்" என்று சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் மட்டும் எனக்குப் பிடித்த பத்து அயிட்டங்களைப் பொறுக்கி எடுத்துச் சமைத்து, நண்பர்களிடம் பெருமையடித்துத் திரிந்திருந்தால் அந்தப் பக்கத்துக்கு ஒருநாளும் வந்திருக்க மாட்டேன். பொறுக்குவது உண்பவனுடைய பழக்கம். அடுப்படிக்குள் நுழைந்த பிறகும் அவன் உண்பவனாகவே இருப்பதற்கு அதுவே வழி.

கசப்பை முன்னிட்டு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்காளிகளின் மதியச் சாப்பாடு கசப்பில்தான் தொடங்குகிறது. பாகற்காயும் வாழைக்காயும் முருங்கைக்காயும் சேர்ந்த 'சுக்தோ' முதலில் வரும். பங்குனியில் வேப்பங்கொழுந்தைப் பொரித்துக் கத்தரிக்காயோடு கொடுப்பார்கள். இந்த மரக்கறிச் சமையலின் நுட்பங்களில் பெரும்பகுதியைப் பேணி வளர்த்தவர்கள் வங்கத்து விதவைகள் என்பது இங்கே எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். மீனும் மாமிசமும் விலக்கப்பட்டு, வெங்காயமும் பூண்டும் மசூர்ப் பருப்பும்கூட மறுக்கப்பட்டு, ஏகாதசியில் பட்டினி கிடந்து, ஒருவேளைச் சோற்றுக்கு மேல் உரிமையற்றவர்களாக வைக்கப்பட்ட அந்தப் பெண்கள், தோல், தண்டு, பூ, கொட்டை என்று பிறர் கழிப்பதையெல்லாம் கொண்டு ஒரு பாக சாஸ்திரத்தையே உண்டாக்கினார்கள். விதவைகளின் மறுமணத்துக்கு ஈசுவர சந்திர வித்தியாசாகர் இதே நகரத்தில் போராடிச் சட்டம் பெற்றுத் தந்தது 1856இல். சட்டம் வந்த பிறகும் அடுக்களைகள் மாறப் பல தலைமுறைகள் பிடித்தன. மீனாட்சி அம்மாளும் இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்தவர். நம்மூரில் அந்நாளில் அந்நிலைக்கு ஆளான பெண்கள் கலியாண வீட்டுக்குப் பட்சணம் செய்து கொடுத்தார்கள். கலியாணப் பந்தலில் முன்வரிசைக்கு வரவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய இனிப்புப் பகுதியைச் சமைத்தால் சர்க்கரைப் பாகின் கம்பிப் பதம் வேறொரு சிரத்தையோடு பார்க்கத் தோன்றுகிறது.

சமையற் புத்தகம் அச்சிடுவதில் வங்கம் நமக்கு மூத்தது. 'பாக ராஜேசுவர்' 1831இலும் 'வியஞ்சன ரத்னாகர்' 1858இலும் வெளிவந்தன. ஆனால் பெண் கை எழுதிய நூலென்று மாஷிமா எனக்குக் காட்டியது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரக்ஞாசுந்தரி தேவி எழுதிய 'ஆமிஷ் ஓ நிராமிஷ் ஆகார்'. ரவீந்திரநாத் தாகூரின் தமையன் ஹேமேந்திரநாத்தின் மகள். அசாமிய இலக்கியத்தின் பெருந்தூணாகிய லட்சுமிநாத் பெஸ்பருவாவின் மனைவி. ரவீந்திரர் ஐம்பது வயது நிறைந்தபோது காலிஃபிளவரில் பர்ஃபி செய்து அதற்குக் 'கவி சம்வர்தனா' என்று பெயரிட்ட அம்மையார் இவர். தம் மகளொருத்தி இறந்தபின் ஒரு பாயசத்துக்கு அவள் பெயரையே வைத்தார். புலவுக்கு ராம்மோகன் பெயரும் துவாரகாநாத் பெயரும் வைத்தவர், தாம் பெற்ற குழந்தையைப் பாயசத்தில் நினைவு வைத்தார் என்பதைப் படித்தபோது, ஓரத்துப் பென்சில் குறிப்புக்கும் அச்சேறிய பெயருக்கும் அப்படியொன்றும் தூரமில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஒரு புத்தகம் முழுவதையும் சமைப்பது என்றவுடன் இக்காலத்து இளைஞர்கள் நினைவுக்குக் கொண்டுவருவது நியூயார்க்கின் ஜூலி பவல் என்ற பெண்மணியைத்தான். 2002ஆம் ஆண்டு தொடங்கி, அலுவலக வேலையும் பார்த்துக்கொண்டு, சிறிய குடியிருப்பொன்றின் சமையலறையில், ஜூலியா சைல்டும் வேறிரு பெண்களும் 1961இல் வெளியிட்ட பிரெஞ்சுச் சமையல் நூலின் முதற் பாகத்திலுள்ள 524 பதார்த்தங்களையும் 365 நாட்களில் சமைத்து முடித்தார். அதைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றார். 2009இல் திரைப்படமும் வந்தது. ஜூலியா சைல்டு இந்த முயற்சியை அவ்வளவாக ரசிக்கவில்லை என்று அவருடைய பதிப்பாசிரியை ஜூடித் ஜோன்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த அம்மையாரின் மனம் எதனால் ஒப்பவில்லையோ, நான் அறியேன். எனக்கு ஒப்பாதது அந்த 365 என்ற கணக்கு. பவலின் துணிவையும் பிடிவாதத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. வேலைக்குப் போகும் ஒரு பெண் நாளொன்றுக்கு ஒன்றரைப் பதார்த்தம் சமைப்பது வேடிக்கையன்று. ஆனால் சமையற் புத்தகத்துக்குள் ஒரு பஞ்சாங்கம் ஒளிந்திருக்கிறது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவர்களின் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. நம் புத்தகத்தை அவ்விதம் ஓடிச் சமைக்கவே முடியாது. மாவடு எல்லா மாதத்திலும் கிடைக்காது. வேப்பம்பூ ஒரே ஒரு பருவத்தில் உதிரும். நெல்லிக்காய்க்கும் நாரத்தங்காய்க்கும் காத்துத்தான் ஆக வேண்டும்.

கல்கத்தாவில் இந்தப் பஞ்சாங்கம் சற்றுப் பிசகி ஓடுகிறது. அந்தப் பிசகில்தான் எனக்கு மிகுந்த ஆனந்தம் கிடைத்தது. முருங்கைக்காய் இங்கே மாசி பங்குனியில் மெல்லிய குச்சிகளாய், நார் பற்றாத இளசாய் வந்து குவியும். அப்போது வைக்கும் சாம்பாருக்கு நிகராக மற்ற மாதங்களில் ஒன்றும் சொல்வதற்கில்லை. முருங்கைப்பூவைக்கூட இவர்கள் கூறுகட்டி விற்கிறார்கள். வாழைப்பூவும் வாழைத்தண்டும் எந்தச் சந்தையிலும் உண்டு. சில கடைகளில் விற்பவளே அரிவாள்மணையில் (இவர்கள் 'போட்டி' என்பார்கள்) உட்கார்ந்து தண்டை வில்லையாக நறுக்கி நாரெடுத்துக் கொடுத்துவிடுவாள். கறிவேப்பிலைக்கும் சுண்டைவற்றலுக்கும் நல்லெண்ணெய்க்கும் லேக் மார்க்கெட் இருக்கிறது. தென்னிந்தியர் வந்து குடியேறிய பல தலைமுறைகளாய் அந்தக் கடைக்காரர்கள் நம் சொற்களைக் கற்றுவைத்திருக்கிறார்கள். எனக்கென ஒரு விதி வகுத்துக்கொண்டேன்: எந்தப் பதார்த்தமானாலும் முதல் தடவை மீனாட்சி அம்மாள் சொன்னபடியே, அணுவளவும் பிறழாமல், இரண்டாவது தடவை கல்கத்தா சொன்னபடி. அவ்விதம் சென்ற பொங்கலன்று கோவிந்தபோக் அரிசியையும் குளிர்காலத்துப் பேரீச்ச வெல்லத்தையும் கொண்டு இரண்டாம் முறையாகச் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். அந்த வாசனையைப் பற்றி நான் எழுத முற்பட்டால் ஆசிரியர் பக்கம் ஒதுக்க மாட்டார்.

ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. இது ஒரு சாதியாரின் அடுக்களைதானே, தமிழ்ச் சமையல் என்றால் இவ்வளவுதானா என்று என் நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மீன்குழம்பும் கறிக்குழம்பும் கம்பங்கூழும் களியும் இல்லாத தமிழ்நாடு ஏது? அவரவர் வீட்டுப் புத்தகத்தை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். அச்சிட்ட நூல் இல்லாத வீட்டில் அம்மாவின் பழைய நோட்டுப் புத்தகம் இருக்கும். அதுவுமில்லையேல் அம்மாவே இருப்பாள், கேட்டு எழுதிக்கொள்ளலாம். மற்றோர் ஆட்சேபம் என் மனைவியுடையது. அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. முதல் ஆறு மாதம் நான் சமைத்த பாத்திரங்களை அவள்தான் துலக்கினாள். ஒரு பச்சடிக்கு ஏழு கிண்ணங்கள் எடுப்பேன். ஆடவன் சமையலில் புகுந்தால் வேலை பங்கிடப்படுவதில்லை, இரட்டிப்பாகிறது என்று அவள் தன் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று முதல் துலக்குவதையும் புத்தகத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டேன்; கிண்ணங்கள் ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்தன.

கடைசியில் வடாம், அப்பளம் என்னும் பகுதியில் வந்து இரண்டு ஆண்டாய்ச் சிக்கிக்கொண்டேன். நம் பக்கத்தில் மாசி பங்குனி வெயிலில் கூழ் கிளறிப் பிழிந்தால் மாலைக்குள் சலசலவென்று காய்ந்துவிடும். அதே கணக்கை நம்பி, பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் நான்கு மணிக்கு எழுந்து அரிசிக் கூழ் கிளறி, மொட்டை மாடியில் மனைவியின் பழைய வேட்டி விரிப்புகளில் வரிவரியாகப் பிழிந்துவிட்டு இறங்கினேன். பிற்பகல் நான்கு மணிக்கு வடமேற்கில் கருத்து எழுந்த 'கால்பைசாகி' என்ற கோடைப் புயல் காற்றும் மழையுமாக வந்து, என் வடாம் அத்தனையையும் கரைத்துச் சாக்கடைக் குழாயின் வாயில் சேர்த்துவிட்டுப் போயிற்று. அடுத்த ஆண்டு சித்திரையில் முயன்றேன். மழை வராத நாளிலும் காற்றின் ஈரத்தில் மூன்றாம் நாள் பூசணம் பூத்தது.

மாஷிமா இரண்டு தோல்வியையும் மாடிச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். "பௌஷ் மாதத்தில் செய்திருக்க வேண்டும்" என்றார். பௌஷ் என்பது நம் மார்கழி. பனிக்காலத்தின் வறண்ட காற்றில்தான் வங்கத்துப் பெண்கள் உளுந்தையும் சாம்பல் பூசணித் துருவலையும் அரைத்துக் கலந்து 'போடி' இடுகிறார்கள். மேதினிபூர்ப் பக்கத்தில் அதையே நகைபோல் சித்திர வேலையாகப் பிழிவதும் உண்டு. உளுந்தும் பூசணியும் என்று கேட்டதும் என் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அவள் பிறந்த வீட்டில் இடும் பூசணி வடாம் அதுவேதான். இருவரும் எனக்குத் தெரியாத ஒரு மொழியில், பாதி வங்காளியும் பாதிக் கைஜாடையுமாக, ஊறவைக்கும் நேரத்தைப் பற்றி அரைமணி பேசினார்கள்.

இந்த மார்கழியில் மொட்டை மாடியின் கிழக்குப் பாதியில் மாஷிமாவின் போடியும் மேற்குப் பாதியில் என் வடாமும் காய்ந்தன. நடுவில் நாற்காலி போட்டு, கையில் ஒரு கழியும் தலையில் துண்டுமாகக் காக்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பணி எனக்கு அளிக்கப்பட்டது. மூன்றாம் நாள் மாஷிமா என் பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தார். ஒடிந்த ஓசை அவருக்குத் திருப்தியளித்தது போலும். கருஞ்சீரகம் கொஞ்சம் சேர்த்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். கீழே இறங்கி வந்து, மாமியாரின் எழுத்துக்குக் கீழே இடம் விட்டு, அதைப் பென்சிலால் குறித்துவைத்தேன்.